இரண்டு வயது ஆகாத பையன், சிகாகோ வரை பயணம்: மடியில் வைத்துக்கொள்வதா, தனி சீட் போட்டுக் கட்டுவதா?

அஸ்தம்பட்டி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். பையனுக்கு ஒரு வயது பத்து மாதம், எடை 11 கிலோ. அவன் அப்பா சிகாகோவில் வேலையில் இருக்கிறார், விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் நானும் பையனும் மட்டும் கிளம்புகிறோம். பெங்களூரில் ஏறி, வளைகுடாவில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் மாறிப் போக வேண்டும்.

இரண்டு வயதுக்குள் இருப்பதால் மடியில் வைத்துக்கொள்ளும் டிக்கெட் போதும், பெரியவர்கள் டிக்கெட்டில் பத்தில் ஒரு பங்குதான் வரும் என்று டிராவல் ஏஜென்ட் சொல்கிறார். வீட்டில் மாமியார், மாமனார், எங்கம்மா எல்லோரும் அதற்கே ஓட்டு. வீட்டுக்காரர் மட்டும் தனி சீட் எடு, குழந்தைக்குப் போடும் பெல்ட் ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள் என்று பிடிவாதமாக இருக்கிறார். இவன் எப்படிப்பட்டவன் என்றால், ஏற்காடு பஸ்ஸில் இரண்டாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், இழுத்து உட்கார வைத்தால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவான். இருபது மணி நேரத்துக்கு மேல் இவனை எப்படிச் சமாளிப்பது? உண்மையிலேயே தனி சீட் தேவையா, இல்லை காசைக் கரியாக்குகிறோமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏற்காடு மிளகு:

நான் பல வருடம் கேபின் க்ரூவாக வேலை பார்த்தவள், இப்போது நாகலூர் பக்கம் காபியும் மிளகுமாக இருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி.

மடியில் வைத்துக்கொள்வது விதிப்படி தப்பில்லை. ஆனால் கையால் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். விமானம் சட்டென்று நிற்கும்போது 9 ஜி அளவு விசை, அதாவது புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு, வந்தால் உங்கள் 11 கிலோ பையன் அந்த நொடியில் 99 கிலோ. ஓடுகிற லாரியிலிருந்து சரிகிற ஜவ்வரிசி மூட்டையைக் கையால் தாங்குகிற கதைதான் அது. இதில் அம்மாவின் பாசம், பலம் எதுவும் உதவாது.

அமெரிக்காவில் 1989 ஜூலை 19 அன்று சூ சிட்டி என்ற ஊரில் ஒரு டிசி-10 விமானம் விழுந்தது. ஏறியவர்கள் 296 பேர், இறந்தவர்கள் 112. ஏறியவர்களில் மடியில் வந்த குழந்தைகள் நான்கு பேர். அன்றைக்கு இருந்த நடைமுறைப்படி, குழந்தையைக் காலடியில் தரையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று க்ரூ சொன்னார்கள். மோதியபோது பெற்றவர்களால் பிடிக்க முடியவில்லை, இரண்டு வயது ஆகாத ஒரு குழந்தை போய்விட்டது. அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், எல்லாக் குழந்தைக்கும் தனி சீட் வேண்டும் என்று அதற்குப் பிறகு பல வருடம் வாஷிங்டனில் போராடினார். எங்கள் தொழிலில் பயிற்சியிலேயே சொல்லப்படும் சம்பவம் இது.

விபத்தை விடுங்கள், அது அபூர்வம். நடுவானத்துக் குலுக்கல் அபூர்வமில்லை. 2024 மே 21 அன்று லண்டனில் இருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மர் மேலே குலுங்கியது ஞாபகம் இருக்கும். விசை மேல்நோக்கி 1.35 ஜி-யில் இருந்து கீழ்நோக்கி 1.5 ஜி-க்கு மாற 0.6 நொடிதான் ஆனது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. அந்த நேரத்தில் பெல்ட் போடாத எல்லாமே கூரைக்குப் போகும், ஆள், சாப்பாட்டு வண்டி, மடியில் தூங்குகிற குழந்தை உட்பட. முகத்தில் பயம் வந்து நீங்கள் இறுக்கிப் பிடிப்பதற்குள் முடிந்திருக்கும்.

சூரமங்கலம் தாத்தா:

ஏன் கண்ணு, இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? மகள் வீட்டுக்கு நானும் பாட்டியும் பேரனைத் தூக்கிக்கொண்டு போய் வந்தோம், மடியிலேயேதான் வந்தான், நன்றாகத் தூங்கினான். குழந்தை சீட் என்றால் பெரியவர் டிக்கெட்டில் முக்கால் பங்கு வாங்கிவிடுவான். அந்தக் காசுக்கு ஒரு ஜோடி கொலுசும் ஒரு மோதிரமும் வாங்கிப் போடலாம். அவ்வளவு ஆபத்து என்றால் அரசாங்கமே தடை பண்ணியிருக்காதா?

ஏற்காடு மிளகு:

ஐயா, நீங்கள் கேட்டது சரியான கேள்விதான், அதற்குப் பதிலும் இருக்கிறது. அமெரிக்காவின் விமானப் பாதுகாப்பு விசாரணை வாரியம் பல வருடமாக மடியில் உட்கார வைப்பதை நிறுத்தச் சொல்கிறது. சட்டம் போட வேண்டிய எஃப்.ஏ.ஏ. (அந்த நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம்) மறுக்கிறது. தனி சீட் கட்டாயம் என்றால் செலவுக்குப் பயந்து குடும்பங்கள் காரில் கிளம்பும், சாலையில் அதைவிட அதிகக் குழந்தைகள் சாகும் என்பது அவர்கள் கணக்கு. அதே எஃப்.ஏ.ஏ. பெற்றோருக்கு எழுதும் அறிவுரையில், மிகப் பாதுகாப்பான இடம் உங்கள் மடி அல்ல, அனுமதி பெற்ற குழந்தை இருக்கைதான் என்று பச்சையாகவே சொல்கிறது. சட்டம் விட்டிருப்பது ஊர்க்கணக்கைப் பார்த்து. இவர் சிகாகோவுக்குக் காரிலா போகப்போகிறார்? அந்தக் கணக்கு இவருக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பல வெளிநாட்டு விமானங்களில் உங்கள் பெல்ட்டோடு கோத்துக் குழந்தை இடுப்பில் மாட்டும் சின்ன லூப் பெல்ட் கொடுப்பார்கள். குலுக்கலில் குழந்தை பறக்காமல் இருக்க அது உதவும், கொடுத்தால் வாங்கிப் போடுங்கள். ஆனால் முன்பக்கம் மோதல் வந்தால் உங்கள் உடம்பு மடிந்து குழந்தை மேலேயே விழும். டேக் ஆஃப், லேண்டிங்கில் அமெரிக்காவில் அதை அனுமதிப்பதில்லை. ஐரோப்பாவில் அதையே போடச் சொல்கிறார்கள். ஊருக்கு ஒரு விதி, என்ன செய்வது.

கன்னங்குறிச்சி அப்பா:

என் மகளைக் கூட்டிக்கொண்டு போன அனுபவத்தில் எழுதுகிறேன். உங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, கார் சீட்டையே விமானத்துக்குள் கொண்டுபோவது. உடம்புக்கு அதுதான் பலமான பாதுகாப்பு, தலை, தோள் எல்லாம் அதற்குள் அடங்கும், குழந்தைக்கும் பழகிய இடம். ஆனால் தனியாகப் போகும் அம்மா ஒரு கையில் குழந்தை, தோளில் பை, இன்னொரு கையில் கார் சீட் என்று நடுவில் ஒரு விமான நிலையத்தில் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். விமான சீட்டின் அகலத்துக்குள் அடங்குமா என்றும் அளந்து பார்க்க வேண்டும், கார் சீட் சில பெருத்துக் கிடக்கும். விமானத்தில் பயன்படுத்தலாம் என்ற வாசகம் அதன் லேபிளில் இருக்க வேண்டும், அமெரிக்க சீட்டுகளில் சிவப்பு எழுத்தில் இருக்கும். அடியில் வைத்து உயரம் கூட்டும் பூஸ்டர் சீட்டை டேக் ஆஃப், லேண்டிங்கில் அனுமதிக்கவே மாட்டார்கள், அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் வீட்டுக்காரர் சொன்ன பெல்ட். அது கேர்ஸ் ஹார்னஸ் என்று நினைக்கிறேன். எஃப்.ஏ.ஏ. அனுமதி உண்டு, 10 முதல் 20 கிலோ வரை, உயரம் ஒரு மீட்டர் வரை உள்ள குழந்தைக்கு. உங்கள் பையன் 11 கிலோ, கச்சிதமாகப் பொருந்துகிறான். மொத்த எடை அரைக் கிலோ சுற்றித்தான், கைப்பையில் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். மாட்டுவது எப்படி என்றால், சிவப்புப் பட்டை ஒன்று இருக்கும், அதை சீட்டின் முதுகைச் சுற்றிப் போட வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு நிமிடம் டிரேயை இறக்கச் சொல்லி, பட்டையை டிரேக்கு உள்பக்கமாக விட்டுவிட்டால் அவர் டிரேயைப் பழையபடி மூடிக்கொள்ளலாம், சண்டை வராது. பட்டை குழந்தையின் தோளுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும், ஆடாத அளவுக்கு இழுத்து இறுக்குங்கள். அப்புறம் அதிலிருந்து இரண்டு வார் முன்னால் தொங்கும், கீழே முனையில் வளையம் இருக்கும், விமானத்தின் பெல்ட்டை அந்த இரண்டு வளையத்திலும் நுழைத்துக் குழந்தையின் இடுப்புக்குத் தாழ்வாகப் பூட்ட வேண்டும், வயிற்றின் மேல் ஏறக்கூடாது. கடைசியில் நெஞ்சில் ஒரு கிளிப். முதுகுக்குப் பின்னால் தலையணை, மடித்த போர்வை எதுவும் வைக்காதீர்கள், இடைவெளி விழுந்தால் வார் தளர்ந்துவிடும்.

ஒரு குறை, அது காருக்கு ஆகாது. சிகாகோவில் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்ததும் கார் சீட் இல்லாமல் குழந்தையை வண்டியில் ஏற்ற முடியாது, அங்கே சட்டம். அதனால் வீட்டுக்காரரை அங்கேயே ஒன்று வாங்கி காரில் மாட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். இங்கே வாங்கும் சீட் பெரும்பாலும் ஐரோப்பிய தரத்தில் இருக்கும், அமெரிக்கச் சாலைக்கு அவர்கள் தர முத்திரை வேண்டும், இங்கிருந்து சுமந்து போவது வீண்.

சீட் எடுக்கும்போது ஜன்னல் ஓரம் பையனுக்கு, பக்கத்தில் நீங்கள். அவசர வழி வரிசை கிடையாது. முன்வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கிறது என்று ஆசைப்பட்டு எடுத்தால் கைப்பையை மேலே வைக்கச் சொல்லிவிடுவார்கள், பையனின் பால் பாட்டிலுக்கு ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்க வேண்டும்.

அஸ்தம்பட்டி அம்மா:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. சூரமங்கலம் ஐயா சொன்ன காசு விஷயம்தான் உறுத்துகிறது. இன்னும் மூன்று சந்தேகம். பாசினெட் (விமானத்தில் முன்சுவரில் மாட்டித் தரும் தொட்டில்) கேட்டு வாங்கினால் தனி சீட் இல்லாமல் சமாளிக்க முடியுமா? அங்கே ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்புவோம், அப்போது இவனுக்கு இரண்டு வயது தாண்டிவிடும், திரும்பும் டிக்கெட் எப்படி? அப்புறம், கிளம்புவதற்கு முன் சளி மருந்து கொஞ்சம் கொடுத்தால் தூங்கிவிடுவான் என்று எங்கம்மா சொல்கிறார், செய்யலாமா?

ஏற்காடு மிளகு:

பாசினெட் இவனுக்கு ஆகாது தங்கச்சி. பெரும்பாலும் 10, 11 கிலோதான் அதன் எல்லை, அதோடு நின்று பழகிய குழந்தையை அதில் படுக்க வைத்தால் எழுந்து எட்டிக் குதிப்பான். பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற குழந்தையைக் கையில் எடுத்தாக வேண்டும், அப்போது பழையபடி மடிதான்.

திரும்பும் டிக்கெட்டைப் பொறுத்தவரை, ஒவ்வொரு விமானமும் கிளம்பும் தேதியில் வயது என்ன என்பதுதான் கணக்கு. இரண்டு தாண்டிவிட்டால் தனி சீட் கட்டாயம், பேச்சே இல்லை. ஆகவே ஐயா கவலைப்படுகிற காசில் திரும்பும் பாதி எப்படியும் உங்கள் கையை விட்டுப் போகத்தான் போகிறது. நீங்கள் யோசிப்பது போகும் பாதிக்கு மட்டும்.

மருந்துக்கு டாக்டர், நர்ஸ் யாராவது பதில் சொல்லட்டும்.

அம்மாபேட்டை நர்ஸ்:

குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன். மருந்து வேண்டாம், வேண்டவே வேண்டாம். தூக்கம் வர வைக்கும் சளி மருந்துகளில் பிரோமெதாசின் என்று ஒன்று இருக்கிறது, இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சு மட்டுப்படும். சில குழந்தைகளுக்கு இந்த வகை மருந்து தலைகீழாக வேலை செய்து, தூங்குவதற்குப் பதில் பேய் பிடித்த மாதிரி ஓடும். நடுவானத்தில் அப்படி ஆனால் என்ன செய்வீர்கள்? அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், அழுவதில் பாதி அதனால்தான். ஏற்காடு உயரம் ஏறக்குறைய 5000 அடி, விமானத்துக்குள் காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி மலையில் இருக்கிற அளவுக்கு வைத்திருப்பார்கள், அதனால் மலைப் பாதையில் காது அடைக்கும்போது உங்கள் பையன் என்ன செய்கிறானோ அதையே அங்கேயும் செய்வான். விழுங்கிக்கொண்டே இருந்தால் காது திறக்கும். பாட்டிலில் தண்ணீர், பால், தாய்ப்பால் குடிக்கிறான் என்றால் பெல்ட் விளக்கு அணைந்த பிறகு அதுவும். கிளம்பும் வாரத்தில் சளி, காதுவலி இருந்தால் டாக்டரிடம் காட்டாமல் ஏற வேண்டாம். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, தட்டுவடை எல்லாம் இந்த வயதில் குலுங்குகிற இடத்தில் தொண்டையில் சிக்கும், இட்லியைப் பிய்த்துக் கொடுங்கள். வெள்ளிக் கொலுசைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள், சோதனையில் கத்தும், வாரிலும் மாட்டும்.

சூரமங்கலம் தாத்தா:

நர்ஸ் அம்மா சொன்னது சரி, மருந்து கூடாது. காசு விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன், ஆனால் திரும்பும்போது சீட் எடுக்கத்தான் வேண்டும் என்றால் பெல்ட்டை வாங்கிவிடு கண்ணு, இரண்டு பக்கமும் உபயோகப்படும்.

தொப்பூர் ரோடு:

எல்லாரும் விமானத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். சேலத்திலிருந்து பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு இவர்கள் எதில் போவார்கள்? ராத்திரி டாக்ஸியில். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தொப்பூர் கணவாய், சரிவில் பிரேக் பிடிக்காத லாரி இடிப்பது அங்கே வழக்கமான செய்தி. அந்த வழியில் பையன் பின்சீட்டில் அம்மா மடியில் தூங்கிக்கொண்டு போவான். இந்தப் பயணம் முழுக்க எது ஆபத்தான பகுதி என்று கேட்டால், என் கணக்குக்கு அதுதான்.

14 வயதுக்குள் உள்ள குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாமல் காரில் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஸ்கூட்டியில் நாலு வயது வரை உள்ள குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்து ஹார்னஸில் கட்ட வேண்டும், ஹெல்மெட் போட வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று 2023 பிப்ரவரியில் இருந்து விதி. நாலு ரோடு சிக்னலில் நின்று எண்ணிப் பாருங்கள், ஒருவரும் தேற மாட்டார்கள், முன்னால் நின்றுகொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்து வரும் குழந்தைகள்தான்.

என் யோசனை, யாரிடமாவது கார் சீட் கடன் வாங்குங்கள், டாக்ஸியின் பின்சீட்டில் பெல்ட்டால் கட்டுங்கள், டிரைவர் அதே வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்துவிடுவார். பின்சீட் பெல்ட் வெளியே எடுக்க வருகிறதா என்று முதல் நாளே வண்டியைப் பார்த்துவிடுங்கள், பாதி டாக்ஸிகளில் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும்.

கன்னங்குறிச்சி அப்பா:

இதை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன், நல்ல வேளை நீங்கள் எழுதினீர்கள். என்னிடம் கார் சீட் ஒன்று சும்மா இருக்கிறது, 9 முதல் 18 கிலோ வரை. அஸ்தம்பட்டி பக்கம்தான், வேண்டுமானால் தனிச் செய்தி அனுப்புங்கள்.

அஸ்தம்பட்டி அம்மா:

அண்ணா, கண்டிப்பாக வேண்டும், செய்தி அனுப்புகிறேன். தனி சீட் எடுக்க முடிவு பண்ணிவிட்டோம், மாமனாரிடம் தொப்பூர் பற்றிப் படித்துக் காட்டினேன், அவர் வாயைத் திறக்கவில்லை. ஹார்னஸ் நாளை மறுநாள் வருகிறது. டிக்கெட்டில் ஒரு சிக்கல். இணையத்தில் வயதைப் போட்டால் மடிக் குழந்தை என்று தானாக மாறிக்கொள்கிறது, சீட் கேட்கவே மாட்டேன் என்கிறது. அப்புறம், விமானத்தில் ஏறிய பிறகு இந்த ஹார்னஸ் கூடாது என்று சொல்லிவிட்டால்?

ஏற்காடு மிளகு:

இணையத்தில் முடியாது, ஏஜென்ட்டிடமோ நிறுவனத்துக்கு போன் போட்டோ "கைக்குழந்தை, ஆனால் தனி சீட்டோடு" என்று கேட்டுக் குழந்தைக் கட்டணத்தில் போடச் சொல்லுங்கள். டிக்கெட் வந்ததும் பையன் பெயருக்கு எதிரே சீட் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கவுன்டரில் வந்து நிற்கும்போது அந்த சீட்டை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள்.

ஹார்னஸ் விஷயம். அமெரிக்க நிறுவனங்கள், சீட் வாங்கிய குழந்தைக்கு எஃப்.ஏ.ஏ. அனுமதி பெற்ற சாதனத்தை மறுக்க முடியாது, அவர்கள் சட்டம் அப்படி. மற்ற நிறுவனங்களுக்கு அவரவர் விதி. டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்து விமானத்தை வேறு நிறுவனம் ஓட்டினால், ஓட்டுகிறவர் விதிதான் செல்லும், அதனால் இரண்டு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். போனில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இமெயில் எழுதுங்கள், இப்படி: பயண எண், தேதி, குழந்தையின் வயது, எடை, உயரம், சாதனத்தின் பெயர், எஃப்.ஏ.ஏ. அனுமதி எண் தெரிகிற மாதிரி லேபிளின் போட்டோ, "டேக் ஆஃப், லேண்டிங் உட்பட எல்லா நேரத்திலும் பயன்படுத்தலாமா என்று எழுத்தில் தெரிவிக்கவும்." பதிலை பிரிண்ட் எடுத்து ஹார்னஸோடு ஒரே பையில் வையுங்கள். ஏறியதும் பணிப்பெண்ணிடம் முதலில் அந்தத் தாளைக் காட்டிவிட்டு மாட்ட ஆரம்பியுங்கள். எங்களுக்கு நேரம் இல்லாதபோது தெரியாத பொருளைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான் சுலபம், தாள் இருந்தால் அப்படிச் சொல்ல மாட்டோம்.

வீட்டில் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் தினமும் மாட்டிப் பழக்குங்கள், முதுகு உயரமான நாற்காலியாக இருக்கட்டும். மாட்டிவிட்டு அவனுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள், கழற்றும்போது கொஞ்சாதீர்கள். நீங்களும் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், அம்மா கட்டாததை இந்த வயதுப் பிள்ளை கட்ட விடாது. விமான பெல்ட்டின் மூடியைத் தூக்கினால் கழன்றுவிடும் என்பதைக் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவான், அதனால் கையில் எப்போதும் ஏதாவது இருக்கட்டும், ஒட்டி ஒட்டி எடுக்கிற ஸ்டிக்கர் நன்றாக வேலை செய்யும். நடுவில் நடக்க விடுங்கள், விளக்கு அணைந்திருக்கும்போது. விளக்கு எரிந்ததும் எவ்வளவு அழுதாலும் மாட்டிவிடுங்கள், சுற்றி இருப்பவர்கள் முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும்.